திரை காட்டும் எண்ணும் இயந்திரம் நிற்கும் இடமும்

தொழிற்பேட்டையில் சிறு பட்டறை நடத்தும் நம் அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கன்ட்ரோலர் கெட்டுப்போன பழைய சி.என்.சி. மில்லிங் மெஷின் ஏலத்தில் மலிவாக வருகிறது. வார்ப்பும் ஸ்க்ரூவும் நன்றாக இருக்கின்றன, மூளைதான் இல்லை. வாங்கலாமா?" வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் அந்தப் புதிய மூளை எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

மூளைக்கு இன்று விலை கொடுக்க வேண்டியதில்லை. லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 1990களில் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது இது. இதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம்.

மென்பொருள் மட்டும் போதாதா என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி நகரும். டிரைவ் ஒவ்வொரு படியையும் பத்தாகப் பிரித்தால் சுற்றுக்கு 2,000 துடிப்பு. ஸ்க்ரூவின் பிட்ச் 5 மி.மீ. என்றால் ஒரு மி.மீ. நகர 400 துடிப்பு வேண்டும். மேசை நிமிடத்துக்கு 6 மீட்டர், அதாவது விநாடிக்கு 100 மி.மீ. ஓட வேண்டுமானால் விநாடிக்கு 40,000 துடிப்பு! 25 மைக்ரோ விநாடிக்கு ஒன்று, அதுவும் சீரான இடைவெளியில், ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனியாக. பல வேலைகளைச் சுமந்திருக்கும் கணிப்பொறி இந்தத் தாளத்தைப் பிடிப்பது கடினம். தாளம் பிசகினால் மோட்டார் படியைத் தவறவிடும்.

இங்கேதான் எஃப்.பி.ஜி.ஏ. என்னும் சிப் உதவுகிறது. 1985இல் சைலிங்க்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய வகை இது. சாதாரண சிப்பில் சுற்று நிலையானது. இதிலோ சுற்றையே நாம் ஒரு கோப்பாக எழுதி ஏற்றலாம். துடிப்பு உண்டாக்கும் சுற்று, என்கோடரை எண்ணும் சுற்று என்று வேண்டியதை அமைத்துக்கொள்ளலாம். கணிப்பொறி மில்லி விநாடிக்கு ஒரு முறை "இந்த வேகத்தில் போ" என்று மட்டும் சொல்லும். துடிப்புகளை அனுப்புவது சிப்பின் பொறுப்பு.

லினக்ஸ்சிஎன்சிக்குப் பலரும் பயன்படுத்துவது மெஸா நிறுவனத்தின் போர்டுகளை. 7ஐ76ஈ என்ற போர்டை எடுத்துக்கொள்வோம். ஐந்து அச்சுகளுக்குத் துடிப்பு, ஸ்பிண்டிலுக்கு ஒரு என்கோடர், 32 உள்ளீடு, 16 வெளியீடு இதில் உண்டு. கணிப்பொறியுடன் ஈதர்நெட் கம்பியால் இணையும். அமைக்கும் வரிசை இது:

முதலாவது, மெஸாஃப்ளாஷ் என்ற கருவியால் சரியான சுற்றுக் கோப்பைப் போர்டில் ஏற்ற வேண்டும். எந்தக் காலில் எந்த வேலை என்பதை அதே கருவியைக் கொண்டு படித்துச் சரிபார்த்த பின்னரே ஒயரிங்கைத் தொட வேண்டும்.

இரண்டாவது, முகவரி. ஜம்பர் மூலம் 192.168.1.121 அல்லது 10.10.10.10 என்று தேர்ந்தெடுக்கலாம். முதலாவது வீட்டு ரவுட்டரோடு மோதக்கூடும், இரண்டாவதே நல்லது. போர்டுக்கென்று தனி ஈதர்நெட் துளை ஒதுக்கி, கம்பியை நேராகச் செருகுங்கள்.

மூன்றாவது, எத்தனை துடிப்புச் சுற்று, எத்தனை என்கோடர் தேவை என்பதை ஹால் கோப்பில் குறிப்பிட வேண்டும். ஹால் என்பது மென்பொருளுக்குள் கம்பி இழுப்பது போன்றது.

நான்காவது, இயந்திரத்தின் அருகிலேயே எண்களைப் பார்ப்பதற்கான திரை. 7ஐ73 என்ற துணைப் போர்டில் எல்.சி.டி. திரையையும் விசைப்பலகையையும் இணைக்கலாம். ஹாலில் உள்ள எல்.சி.டி. பகுதிக்கு, எந்த வரியில் என்ன சொல், எந்த எண் என்று எழுதிக் கொடுத்தால் போதும். அது ஒவ்வொரு சுழற்சியிலும் ஓர் எழுத்தை அனுப்பும். வரிக்கு 20 எழுத்தாக 4 வரி என்றால் 80 எழுத்து. 80 மில்லி விநாடியில் திரை முழுதும் புதுப்பிக்கப்படும். கண்ணுக்கு இது தாராளம்.

இனித்தான் முக்கியமான விஷயம். திரையில் எந்த எண்ணைக் காட்டுவது?

நான் ரயில்வே சிக்னல் பிரிவில் பணியாற்றியவன். ஸ்டேஷன் மாஸ்டர் பாயிண்டை மாற்றப் பட்டனை அழுத்துவது கட்டளை. பாயிண்ட் முழுதாக நகர்ந்து பொருந்திவிட்டது என்று அங்குள்ள தொடுப்புகள் தெரிவிப்பது நிரூபணம். அது கிடைக்கும்வரை பேனலில் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், நிலையாக எரியாது. கட்டளையை நம்பி ரயிலை விடுவதில்லை.

ஆனால் ஸ்டெப்பர் அமைப்பில், துடிப்புச் சுற்று "இருப்பிடம்" என்று திருப்பித் தரும் எண், சிப் அனுப்பிய துடிப்புகளின் கணக்கே தவிர வேறில்லை. மேசை சிக்கிக்கொண்டு மோட்டார் நின்றுவிட்டாலும் திரையில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். பிழை வரம்பைத் தாண்டினால் நிறுத்தும் வசதி லினக்ஸ்சிஎன்சியில் உண்டு. ஆனால் தான் அனுப்பியதையே திரும்பப் பெற்றால் அது பிழையை எப்படிக் காணும்? சோதித்துப் பாருங்கள்: கிடைமட்ட அச்சு ஒன்றின் கப்ளிங்கைத் தளர்த்திவிட்டு 100 மி.மீ. நகரச் சொல்லுங்கள். மேசை அசையாது, திரை 100 என்று காட்டும். (செங்குத்து அச்சில் இதைச் செய்யாதீர்கள், தலைப்பகுதி இறங்கிவிடும்.)

இதற்குப் பரிகாரம், ஸ்க்ரூவில் ஓர் என்கோடரையோ மேசையில் ஒரு நேர்கோட்டு அளவுகோலையோ பொருத்தி, விரிவாக்க இணைப்பு வழியே அந்த எண்ணைத் திரைக்கும் பிழைச் சோதனைக்கும் கொடுப்பதே. அதற்கு வசதியில்லை என்றால், திரையில் அந்த எண்ணுக்கு முன்னால் "கட்டளை" என்பதைக் குறிக்கும் ஓர் எழுத்தையாவது போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. கணிப்பொறி உறைந்துவிட்டால் போர்டில் உள்ள காவல் கடிகாரம் சில மில்லி விநாடிகளில் வெளியீடுகளைத் துண்டித்துவிடும். ஆனால் எல்.சி.டி.யில் கடைசியாக எழுதிய எண் அழியாமல் நிற்கும். உயிருள்ள எண்ணுக்கும் உயிரற்ற எண்ணுக்கும் பார்வையில் வேறுபாடு தெரியாது. ஆகவே விநாடிதோறும் மாறும் ஓர் எண்ணைத் திரையின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது நின்றிருந்தால் மற்ற எண்களையும் நம்ப வேண்டாம்.

அவசர நிறுத்தப் பட்டன் மட்டும் இவை எதன் வழியாகவும் போகக்கூடாது. டிரைவ்களின் மின்சாரத்தை கான்டாக்டர் மூலம் நேராக அது துண்டிக்க வேண்டும். கணிப்பொறிக்குச் செய்தி போவது அதற்குப் பிறகுதான். ஜாப் கெட்டால் வேறு இரும்பு வாங்கலாம். ஆபரேட்டரின் விரலுக்கு மாற்று இல்லை.