ஊர்க் கிளையை இஷ்டத்துக்குத் தூக்க முடியுமா?

‘நம்ம ஊர் பேங்க்கை டவுன் கிளையோடு சேர்க்கப்போகிறார்களாம்’ என்று பேச்சு கிளம்பினால், டீயை ஆற்றிக்கொண்டே முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வங்கிகள் இணைவது வேறு, கிளைகள் இணைவது வேறு. 2019 ஏப்ரலில் பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. அதனால் பெயர்ப்பலகை மாறியே தீரும். கிளையை மூடியே தீர வேண்டும் என்பதில்லை. மூடுவதற்குத் தனி விதி இருக்கிறது.

நகரத்துக் கிளையை வங்கியே முடிவெடுத்து மாற்றலாம், இணைக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 10,000 பேருக்குக் குறைவான ஊர் என்றால் அது கிராமக் கிளை. அதில் கைவைக்க மாவட்ட ஆலோசனைக் குழுவோ மறுஆய்வுக் குழுவோ ஒப்புதல் தரவேண்டும். 10,000 முதல் ஒரு லட்சத்துக்குள் இருக்கும் ஊரில் ஒரே ஒரு கிளைதான் என்றால் அதற்கும் இதே காவல் உண்டு.

இவ்வளவு கெடுபிடி ஏன்? இந்தக் கிளைகளில் பல, லாபம் பார்த்துத் திறந்தவை அல்ல. வங்கி இருக்கும் ஊரில் இன்னொரு கிளை வேண்டுமானால், வங்கியே இல்லாத ஊர்களில் நான்கு திறந்துவிட்டு வா என்று 1977 முதல் 1990 வரை ரிசர்வ் வங்கி விதி வைத்திருந்தது. அப்படிப் பிறந்த கிளையை இன்று ‘நஷ்டம்’ என்று ஒரே சொல்லில் மூடப் பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சிக்கல் இனிமேல்தான். 2017 மே மாதம் வந்த விதி, கிளை என்பதோடு ‘வங்கிச் சேவை மையம்’ என்பதையும் சமமாக வைத்துவிட்டது. வங்கி ஊழியரோ முகவரோ நிலையான ஓரிடத்தில் நாளுக்கு 4 மணி நேரம், வாரத்தில் 5 நாளாவது இருந்து வரவு, எடுப்பு பார்த்தால் போதும். கிளை போனாலும் ஊரின் தேவை தொடர்ந்து நிறைவேறுகிறதா என்று குழு பார்க்க வேண்டும். அந்தத் தேவையை முகவர் நிறைவேற்றினாலும் கணக்கு சரியாகிவிடும்.

முகவரைக் குறைசொல்லவில்லை. முதியோர் உதவித்தொகை வாங்கும் பாட்டிக்கு, பக்கத்துத் தெருக் கடையில் விரல் வைத்துப் பணம் எடுப்பது பஸ் ஏறுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் விதைப்பு நேரத்தில் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வருபவர் என்ன செய்வார்? மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டுப் பார்த்து, எடைபோட்டு, கவரில் இட்டு முத்திரை வைத்து, பெட்டக அறைக்குள் அனுப்ப வேண்டும். மளிகைக் கடை மூலையில் அது நடக்காது. செத்துப்போனவர் கணக்கை வாரிசுக்கு மாற்றுவதும் அங்கே முடிகிற வேலை அல்ல.

எனவே ஊரார் மனு கொடுப்பதானால் கிளை மேனேஜரோடு நிறுத்தாதீர்கள்; அவர் கையில் முடிவு இல்லை. குழுவுக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர், கூட்டத்தைக் கூட்டுபவர் முன்னோடி வங்கி மேலாளர். மறுஆய்வுக் குழுவில் எம்.பி., எம்.எல்.ஏ.க்களும் உண்டு. கூட்டத்துக்கு முன்பே மனு போய்ச் சேரட்டும். ‘மூடாதே’ என்பதோடு விடாமல் கேட்டு எழுதுங்கள்: நகைக்கடனுக்கு இனி எந்த ஊர், அங்கே போக பஸ் எத்தனை மணிக்கு, முகவரின் கருவி பழுதானால் அன்றைக்குப் பணம் தருவது யார், லாக்கர் எங்கே போகும், ஐஎஃப்எஸ்சி எண் மாறுமா?