இரண்டாம் பாகத்தில் வேஷம் யாருக்கு?

உங்களுக்குப் பிடித்த பாட்டு நாடகத்தின் இரண்டாம் பாகம் வரப்போகிறது. யார் யாருக்கு என்ன வேஷம் என்ற பட்டியலும் வெளியாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் ரசிகர்கள் இரண்டு கட்சியாகி விடுகிறார்கள். நாடகத்தை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை. ஒத்திகைகூடத் தொடங்கியிருக்காது. பிறகு எதற்கு இத்தனை கூச்சல்? நீங்கள் டிக்கெட் எடுக்கலாமா, பொறுக்கலாமா? பிடிக்கவில்லை என்றால் யாரிடம் சொல்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாட்டு நாடகத்துக்கு நாம் லண்டன் போக வேண்டுமா?

வேண்டாம். மட்டாஞ்சேரியில் இருப்பவருக்கு அது பக்கத்திலேயே இருக்கிறது. சவிட்டு நாடகம் (மரத்தட்டை அதிர மிதித்து, பாடி, ஆடி நடிக்கும் கிறிஸ்தவக் கூத்து) இந்தக் கொச்சிக் கடலோரத்தின் கலை. போர்ச்சுகீசியர் வந்தபின் இலத்தீன் கத்தோலிக்கர் நடுவே வளர்ந்தது. பழைய நாடகங்களின் மொழி தமிழ் கலந்த மலையாளம். அதனால் காது கொடுத்துக் கேட்டால் தமிழருக்கு நிறையவே புரியும். ஆட்டம் சொல்லித் தருபவருக்கு அங்கேயும் அண்ணாவி என்றுதான் பெயர். இடையில் வந்து சிரிக்க வைப்பவர் நம் தெருக்கூத்தில் வரும் அதே கட்டியக்காரன்.

மேடை நீளமானது. இரண்டு முனையிலும் படி வைத்த உயரமான மேடைகள் இருக்கும். ஒன்றில் ஓர் அரசன், மற்றதில் அவனுடைய எதிரி. நடுவில் பலகைத் தளம். பத்துப் பேர் ஒரே தாளத்தில் மிதிக்கும்போது செண்டையின் சத்தத்தையும் மீறிப் பலகை முழங்கும். இதில் நடிப்பவர் பாடவும் வேண்டும், வாள் சுழற்றவும் வேண்டும், கனமான ராஜ உடுப்போடு துள்ளி மிதிக்கவும் வேண்டும். பாட்டு நாடகத்தில் வேஷம் யாருக்கு என்பது ஏன் பெரிய பேச்சாகிறது என்பதற்கு முதல் காரணம் இதுதான். முகப்பொருத்தம் மட்டும் போதாது. குரலும் உடம்பும் ராத்திரி முழுக்கத் தாங்க வேண்டும்.

அதில் இரண்டாம் பாகம் என்று ஒன்று உண்டா?

உண்டு. சவிட்டு நாடகங்களில் மிகப் புகழ்பெற்றது ‘காறல்மான் சரித்திரம்’. பேரரசர் சார்லமேனும் அவருடைய பன்னிரண்டு வீரர்களும்தான் கதை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்று சொல்லப்படும் சின்னத்தம்பி அண்ணாவி இயற்றியது என்பது வழக்கு. பல பாகங்களாகப் பிரிந்த நாடகம் இது. பழைய நாளில் முழுக்கதையும் ஆடி முடிக்க 15 நாள் பிடிக்கும் என்பார்கள்.

இப்படி நீண்டு போகும் கதையில் பார்ப்பவர் மனதில் ஒரு முகம் ஒட்டிக்கொள்கிறது. நேற்று வீரன் ரோள்தானாக வந்தவரே நாளையும் ரோள்தானாக வர வேண்டும் என்று தோன்றும். ஆள் மாறினால், வந்தவர் எத்தனை நன்றாக ஆடினாலும் முதலில் ஒரு முணுமுணுப்பு எழும். ரசிகர்களின் கோபத்துக்கு இரண்டாவது காரணம் இந்த ஒட்டுதல்.

நம் ஆட்கள் இந்தச் சண்டையை எப்படித் தீர்த்தார்கள்?

இரண்டு வழிகள் தெரிந்து வைத்திருந்தார்கள். மட்டக்களப்புக் கூத்தில் ‘சட்டம் கொடுத்தல்’ என்று ஒரு சடங்கு உண்டு. சட்டம் என்பது ஒருவர் பாட வேண்டிய பாட்டும் வசனமும் எழுதிய ஏடு. அண்ணாவியார் ஒவ்வொருவரின் குரலையும் ஆகிருதியையும் பார்த்து வேஷத்தை முடிவு செய்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் சட்டத்தைக் கையில் கொடுப்பார். ஊர் பார்க்கக் கொடுத்ததை அப்புறம் மாற்றிப் பேசுவது கடினம்.

மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் (பல ஊர் நடிகர்கள் அன்றிரவு மேடையில் சந்தித்து ஆடும் பாட்டு நாடகம்) வழி வேறு. நோட்டீசிலேயே ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று வரிசையாகப் படம் போட்டு, பெயரும் ஊரும் அச்சடித்து விடுவார்கள். ‘வள்ளி திருமணம்’ எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்த முறை முருகன் யார், வள்ளி யார் என்று பார்த்துத்தான் ஜனம் வரும். அங்கே நடிகர் பட்டியல்தான் விளம்பரமே.

லண்டனில் நடந்த பெரிய தகராறு எது?

ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இசையமைத்த ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பரா’ 1986 அக்டோபர் 9 அன்று லண்டனில் தொடங்கியது. பாரிஸ் நாடக அரங்கின் நிலவறையில் முகமூடியோடு ஒளிந்து வாழும் ஓர் இசைமேதை, அவன் பாடம் சொல்லித் தரும் பாடகி கிறிஸ்டீன், அவளைக் காதலிக்கும் பிரபு ராவுல். இந்த மூவர்தான் கதை.

இதன் தொடர்ச்சியாக ‘லவ் நெவர் டைஸ்’ வரும் என்று 2009 அக்டோபர் 8 அன்று முறைப்படி அறிவித்தார்கள். முகமூடிக்காரனாக ரமீன் கரிம்லூ, கிறிஸ்டீனாக சியரா போகஸ். கரிம்லூ ஏற்கெனவே லண்டனில் அதே முகமூடியோடு நடித்தவர். போகஸ் லாஸ் வேகாஸ் நகரில் கிறிஸ்டீனாகப் பாடியவர். ரசிகர்கள் கேட்டாலும் இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைத்திருக்காது. ஆனாலும் எதிர்ப்பு அடங்கவில்லை. ‘லவ் ஷுட் டை’ என்று பெயர் வைத்து ஒரு கூட்டம் இயக்கமே நடத்தியது.

நடிகர்கள் பிடித்தும் ஏன் கோபம்?

கோபம் கதை மேல். முதல் பாகத்தில் காதலுக்காக உயிரையே பணயம் வைத்த ராவுல், இரண்டாம் பாகத்தில் குடிகாரனாக, சூதாடியாக வருகிறார். கிறிஸ்டீனின் மகன் ராவுலுக்குப் பிறந்தவன் அல்ல என்று கதை சொல்கிறது. கடைசியில் கிறிஸ்டீனே சுடப்பட்டுச் சாகிறாள்.

கணக்கும் உதைத்தது. முதல் நாடகம் 1905-இல் ஓர் ஏலக் காட்சியோடு தொடங்கும். அதில் ராவுல் சக்கர நாற்காலியில் வரும் தள்ளாத கிழவர். அவர் நினைவில் விரியும் பழைய கதை 1881-இல் நடப்பது. இரண்டாம் பாகமோ 1907-இல் நடக்கிறது. பழைய சம்பவம் முடிந்து பத்து வருடம்தான் ஆயிற்று என்கிறது. ஆக, 1905-இல் கிழவராக இருந்தவர் 1907-இல் வாலிபராகத் திரும்பி வருகிறார். ராவுல் வேஷத்துக்கு எந்த நடிகரைப் போட்டாலும் இந்த ஓட்டை அடைபடாது.

முக்கியமான விஷயம் இதுதான். இரண்டாம் பாகத்தின் நடிகர் பட்டியல் வரும்போது ரசிகர் பார்ப்பது ஆளை மட்டுமல்ல. ‘என் கதையை என்ன செய்யப் போகிறார்கள்?’ என்ற கேள்விக்குக் கிடைக்கும் முதல் தடயம் அந்தப் பட்டியல். பயம் கதையைப் பற்றியது. கையில் கிடைத்ததோ நடிகரின் பெயர். அடி அங்கே விழுகிறது.

நல்ல நடிகர்கள் நாடகத்தைக் காப்பாற்ற மாட்டார்களா?

ஓரளவுதான். ‘லவ் நெவர் டைஸ்’ 2010 மார்ச் 9 அன்று அடெல்ஃபி தியேட்டரில் தொடங்கி 2011 ஆகஸ்ட் 27 அன்று நின்றது. ஒன்றரை வருடம்கூட ஓடவில்லை. ஐந்து வாரம் கழித்து, 2011 அக்டோபர் தொடக்கத்தில், முதல் நாடகத்தின் 25-ஆம் ஆண்டு விழா ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது. முகமூடிக்காரன் அதே கரிம்லூ, கிறிஸ்டீன் அதே போகஸ். அந்தப் பதிவை ரசிகர்கள் இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். மாறியது கதை மட்டும்தான்.

பழைய நட்சத்திரம் திரும்பி வந்தாலும் இதே கதைதான். 1960-இல் வெற்றி பெற்ற ‘பை பை பேர்டி’ நாடகத்தின் தொடர்ச்சியாக 1981-இல் நியூயார்க்கில் ‘பிரிங் பேக் பேர்டி’ வந்தது. முதல் பாகத்து நாயகி சீட்டா ரிவேராவே மறுபடி நடித்தார். திறப்புக்குப் பின் 4 காட்சிகளோடு மூட்டை கட்டினார்கள்.

பட்டியலைப் பார்த்ததும் நமக்குத் தோன்றுவது சரியாக இருக்குமா?

பல சமயம் தவறிப் போகும். 1986-இல் முகமூடிக்காரன் வேஷத்துக்கு மைக்கேல் கிராஃபோர்டைப் போட்டார்கள். தொலைக்காட்சியில் வழுக்கி விழுந்து சிரிக்க வைக்கும் நகைச்சுவை நடிகராகவே பிரிட்டனில் பலருக்கு அவரைத் தெரியும். அந்த வேஷம் அவருக்கு லண்டனில் ஒலிவியே விருதையும் நியூயார்க்கில் டோனி விருதையும் வாங்கித் தந்தது. ஒருவர் இதுவரை என்ன செய்தார் என்பதைத்தான் பட்டியல் சொல்லும். இனி என்ன செய்வார் என்பதற்கு மேடைதான் சாட்சி.

சரி, செய்தி வந்ததும் நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில், அறிவித்தவர் யார் என்று பாருங்கள். நாடகக் குழுவோ அரங்கமோ தேதியோடு வெளியிட்டால் அது செய்தி. ‘பேச்சுவார்த்தை நடக்கிறது’ என்றால் அது வதந்திக்கு அண்ணன். அதை நம்பிச் சண்டைக்கும் போகாதீர்கள், பணமும் கட்டாதீர்கள்.

அடுத்து, எந்த வேஷம் இருக்கிறது, எந்த வேஷம் இல்லை என்று பாருங்கள். முதல் பாகத்து முக்கியப் பாத்திரம் ஒன்று பட்டியலில் இல்லை என்றால் கதை எங்கே போகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். புதிதாக ஒரு குழந்தை வேஷம் இருந்தால் அதுவும் சேதிதான்.

டிக்கெட் உடனே எடுக்கலாமா?

குறிப்பிட்ட நடிகருக்காகவே போகிறீர்கள் என்றால் மூன்று விஷயம் விசாரியுங்கள். அவர் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை நடிக்கிறார்? வாரத்தின் எல்லாக் காட்சிகளிலும் அவர்தானா? லண்டனில் வாரத்துக்கு 8 காட்சி நடப்பது வழக்கம். கடினமான பாட்டு உள்ள வேஷத்தில் சில காட்சிகளை வேறொருவர் பாடுவார். மூன்றாவது, அன்று அவர் வராவிட்டால் பணம் திரும்புமா? பெரும்பாலும் திரும்பாது. மாற்று நடிகர் (முதன்மை நடிகர் வராத நாளில் அதே வேஷம் கட்டுபவர்) ஆடுவார், காட்சி நடக்கும். டிக்கெட்டோடு வரும் பொடி எழுத்து நிபந்தனைகளில் இது இருக்கும். கொச்சியிலிருந்து ரயிலோ விமானமோ பிடித்துப் போகிறவர் இதைப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது. 2025 மார்ச்சில் ‘ஃபேண்டம்’ மும்பைக்கு வந்தது. அதுபோல வெளியூரில் நடக்கும்போது பயணச் செலவு டிக்கெட்டைத் தாண்டிவிடும்.

கதைமேல் சந்தேகம் இருந்தால் பொறுங்கள். முன்னோட்டக் காட்சிகள் (திறப்பு நாளுக்கு முன் பார்வையாளரை வைத்து நடத்தும் சோதனைக் காட்சிகள்) முடிந்து விமர்சனம் வரட்டும். பிடிக்காத நாடகத்துக்குக் கடைசி வரிசை டிக்கெட்கூட விலை அதிகம்தான்.

என் அதிருப்தியைச் சொன்னால் யாராவது கேட்பார்களா?

கேட்பார்கள், கேட்க வேண்டியவரிடம் சொன்னால். ‘லவ் நெவர் டைஸ்’ நாடகத்தை 2010 நவம்பரில் சில நாள் நிறுத்தி, மாற்றங்கள் செய்து திரும்ப ஓட்டினார்கள். 2011-இல் மெல்பர்னில் புது இயக்குநர், புது மேடை, புது நடிகர்கள் என்று மறுபடி எடுத்தபோது வரவேற்பு கூடியது. ‘பாட்டு இழுக்கிறது’, ‘ராவுல் ஏன் இப்படி ஆனான் என்று விளங்கவில்லை’ என்ற குறைகளைத் திருத்த முடியும். ‘இந்த மூஞ்சி வேண்டாம்’ என்றால் அதில் திருத்த என்ன இருக்கிறது?

ஆகவே நடிகரின் நிறம், வயது, சாதி, மதம் பக்கம் போகாதீர்கள். குரல் அந்தப் பாட்டுக்கு எட்டுமா, நடிப்பு அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்துமா என்று பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு. கதை பிடிக்கவில்லையா, எழுதியவரையும் தயாரித்தவரையும் கேளுங்கள். நடிகர் தனக்குக் கொடுத்ததை ஆடுபவர்.

உள்ளூர் நாடகத்துக்கும் இதே விதியா?

அங்கே இன்னும் கவனம் வேண்டும். சவிட்டு நாடகம் ஆடுபவர்களில் பலருக்கு இது பிழைப்பு அல்ல. பகலில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி பயிற்சிக்கு வருகிறவர்கள். திருவிழாவில் ராஜாவாக நின்றவர் மறுநாள் கடைத்தெருவில் உங்கள் எதிரே வருவார். குறை இருந்தால் ஆட்டம் முடிந்தபின் அண்ணாவியிடம் தனியாகச் சொல்லுங்கள். வேஷம் கொடுத்தவர் அவர், பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

சுருக்கமாக, பட்டியலைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள், சந்தேகப்படுங்கள், இரண்டும் நியாயமே. தீர்ப்பை மட்டும் திரை விலகும்வரை தள்ளி வையுங்கள். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் கதை என்ன என்று ஒரு தடவை விசாரித்து விடுங்கள்.