கொடிகள் மாறிய நெரவி

காரைக்கால் நகருக்குத் தெற்கே, அரசலாற்றைத் தாண்டினால் நெரவி. இன்று புதுச்சேரி ஆட்சிப்பரப்பின் காரைக்கால் பகுதியில் ஒரு கொம்யூன் பஞ்சாயத்து.

1739-இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் பெற்றார்கள். 1760-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். பிறகு ஐரோப்பாவில் போர் மூண்டால் இங்கே கொடி மாறும். சமாதானம் ஆனால் மறுபடி மாறும். 1817-இல்தான் பிரெஞ்சு ஆட்சி நிலைத்தது. யாரும் இந்த மண்ணின் மக்களைக் கேட்டு மாற்றவில்லை. சுற்றிலும் பிரிட்டிஷ் தஞ்சாவூர். வயலுக்கு வரும் காவிரித் தண்ணீரும் அந்த எல்லையைக் கடந்துதான் வந்தாக வேண்டும்.

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியிலுள்ள கீழூரில், பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய ஆதரவு தெரிவித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நிறைவேறியது. பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக்கொடுக்க அப்போது ஆறு மாத அவகாசம் இருந்தது. அதனால்தான் காரைக்கால் பகுதியில் இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பிரெஞ்சில் எழுதிய பிறப்புச் சான்றோ நிலப் பத்திரமோ கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரியவர்களிடம் கேட்டு, அதன் கதையையும் எழுதி வையுங்கள்.