நாயின் சொறிதலுக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா!

நடுராத்திரி. இஸ்தோப்பில் ‘டக் டக் டக்’ என்று சத்தம். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழும்பிப் பார்த்தால் ஆளே இல்லை. நம்ம நாய்தான்! பின்னங்காலால் காதைச் சொறிகிறது, முழங்கால் சிமெந்துத் தரையில் அடிக்கிறது. நிவித்திகலைப் பக்கத்துத் தோட்டங்களில் இந்தச் சத்தம் கேட்காத லயம் உண்டா? “மழைக்காலம், அப்படித்தான்” என்று புரண்டு படுத்துவிடுகிறோம். அந்தச் சொறிதலுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால் நமக்கும் தூக்கம் போய்விடும்!

நாயின் தோல் நம்முடைய தோலைவிட மெல்லியது, தெரியுமா? முள்ளுக்குள்ளும் தேயிலைச் செடிக்குள்ளும் புகுந்து வரும் அந்த முரட்டு உருவத்தின் மேல்தோலில் உயிரணு அடுக்கு மூன்றிலிருந்து ஐந்துதான். நமக்குப் பத்துக்கு மேல்! மேலே கம்பளி, உள்ளே பட்டு. நம் தோலில் லேசான அமிலத்தன்மை உண்டு. நாயின் தோலோ நடுநிலையை ஒட்டியது. அதனால்தான் நம்முடைய சவர்க்காரம் அதற்கு ஒத்துவராது. துணி துவைக்கும் கட்டியைப் பீலிக்கரையில் வைத்து நாய் முதுகில் தேய்ப்பவர்கள் கொஞ்சம் கையை நிறுத்துங்கள்!

சொறிதல் என்றாலே ‘அலர்ஜி’ என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு வயது என்ன தெரியுமா? 1906இல் வியன்னாவில் கிளெமென்ஸ் வொன் பிர்கே என்ற குழந்தை மருத்துவர் உருவாக்கிய சொல் அது. உடம்பின் காவல்காரன் ஆள் மாறி, ஒரு தீங்கும் செய்யாத பொருளைத் திருடன் என்று பிடித்து அடிப்பதுதான் ஒவ்வாமை. நமக்கு வந்தால் தும்மல், மூக்கொழுகல். நாய்க்கு வந்தால் பெரும்பாலும் தோலில்தான் வெடிக்கும்: காது, அக்குள், வயிறு, விரலிடுக்கு, வாலடி.

இனி முதல் குற்றவாளிக்கு வருவோம். தெள்ளு! அது கடிப்பதால் அல்ல, அதன் எச்சிலால்தான் நாய்க்கு அவதி. ஒவ்வாமை பிடித்த நாய்க்கு ஒன்றிரண்டு கடி போதும், நாட்கணக்கில் அரிக்கும். “நான் தேடிப் பார்த்தேன், ஒரு தெள்ளும் இல்லையே” என்பீர்கள். எப்படித் தெரியும்? வீட்டில் இருக்கும் தெள்ளுக் கூட்டத்தில் வளர்ந்த தெள்ளாக நாய்மேல் உட்கார்ந்திருப்பது நூற்றுக்கு ஐந்து அளவுதான்! மிச்சமெல்லாம் முட்டையும் புழுவும் கூடுமாகச் சாக்கிலும் தரை வெடிப்பிலும் கிடக்கின்றன. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை இடும். முட்டை முடியில் ஒட்டாது, உப்புத்தூள் மாதிரி உதிர்ந்துவிடும். அந்தப் புழுவுக்கு ஈரக்காற்று வேண்டும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரிப் பக்கத்தில் அதற்கு என்ன குறை? இன்னொன்று கேளுங்கள்: கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு மாதக்கணக்கில் பொறுமையாகக் காத்திருக்கும். நம் காலடி அதிர்வும் மூச்சுக்காற்றும் உடம்புச் சூடும் பட்டவுடன் படாரென்று வெளியே வரும்! பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலெல்லாம் கடிபடும் மர்மம் இதுதான். உலகெங்கும் நாய்களில் அதிகம் ஏறும் தெள்ளுக்குப் ‘பூனைத் தெள்ளு’ என்று பெயர் என்பது கூடுதல் வேடிக்கை.

கண்டுபிடிக்கச் செலவே இல்லை. வெள்ளைத் தாளை நனைத்து விரித்து, நாயின் வாலடியைப் பேன்சீப்பால் அதன்மேல் வாருங்கள். விழுகிற கறுப்புத் துகள் செந்துருநிறமாகக் கரைந்தால் அது மண் இல்லை. தெள்ளு குடித்துக் கழித்த இரத்தம்! நாய்க்கு மருந்து போடும் அன்றைக்கே சாக்கைக் கொதிநீரில் அவித்து, தரையையும் கூட்டிக் கழுவாவிட்டால் பாதி வேலைதான்.

சரி, தெள்ளு இல்லை, ஆனாலும் அரிப்பு. அப்போது? சோற்றுத் தட்டைப் பாருங்கள். 2016இல் ஆய்வாளர்கள் உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் விவரங்களைத் திரட்டினார்கள். முதலிடம் மாட்டிறைச்சி, நூற்றுக்கு 34. பிறகு பால் 17, கோழி 15, கோதுமை 13. இப்போது நம்ம லயத்து நாய் என்ன சாப்பிடுகிறது என்று யோசியுங்கள். காலையில் கோதுமைமா ரொட்டி, பால்மாத் தேத்தண்ணியின் அடிமண்டி, ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடையிலிருந்து கால், தலை, தோல். பட்டியலின் முதல் நாலில் மூன்று நம் இஸ்தோப்பிலேயே இருக்கிறது! அதே பட்டியலில் அரிசியும் மீனும் நூற்றுக்கு இரண்டளவுதான்.

“ரெண்டு வருஷமா இதத்தானே தின்னுது, இப்ப மட்டும் என்ன?” இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். பதில்தான் அதிசயம்: பழகிய உணவுக்குத்தான் ஒவ்வாமை வரும்! முன்பின் பார்க்காத பொருளோடு உடம்புக்குப் பகை உண்டாக வழியில்லை. இரத்தத்தையோ முடியையோ சோதித்து எந்த உணவு என்று சொல்லிவிடலாம் என்பதையும் நம்பிக் காசைக் கரைக்காதீர்கள். நம்பத்தக்க சோதனை ஒன்றே ஒன்று: தட்டை மாற்றிப் பார்ப்பது.

எப்படி? நாய் இதுவரை அதிகம் தின்னாத ஒரு புரதம், ஒரு மாப்பொருள். சோறும் அவித்த மீனும், அல்லது வற்றாளைக்கிழங்கும் மீனும். கருவாட்டிலேயே வளர்ந்த நாய் என்றால் மீனை விட்டு வேறொன்று. உப்பு, மிளகாய்த்தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. சமைத்தாலும் அவை நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். கறிச்சட்டியை வழித்து ஊற்றும் பழக்கத்தை அன்றோடு விட்டுவிட வேண்டும். எத்தனை நாள்? ஐந்து வாரத்தில் 80 வீதத்துக்கு மேற்பட்ட நாய்கள் தேறிவிடும், எட்டு வாரத்தில் 90 வீதத்தைத் தாண்டும். தேறியதும் பழைய ரொட்டியைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்குள் ‘டக் டக்’ கேட்டால் திருடன் பிடிபட்டான்! வளர்ந்த நாய் இந்த எட்டு வாரத்தைத் தாங்கும். குட்டிக்கும் சினை நாய்க்கும் மிருக வைத்தியரைக் கேட்காமல் செய்யக்கூடாது. எப்போதைக்கும் அதே சோறும் மீனும் என்றால் சுண்ணாம்புச் சத்துக் குறையும்.

சோறு நாய்க்கு ஆகாது என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. 2013இல் சுவீடனில் ஒரு குழு நாயின் மரபணுவை ஓநாயோடு ஒப்பிட்டது. மாப்பொருளைச் செரிக்கும் மரபணு ஓநாய்க்கு இரண்டு படி, நாய்க்கு நாலிலிருந்து முப்பது வரை! மனிதன் அடுப்படியில் ஆயிரமாயிரம் ஆண்டு உட்கார்ந்து வாங்கிய சீதனம் அது.

தட்டில் வைக்கும் மீன் சாளை என்றால் அதற்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதன் கொழுப்பிலுள்ள ஒமேகா-3 தோலின் அழற்சியைத் தணிக்கும். ஆனால் இரண்டு, மூன்று மாதம் போகாமல் பலன் தெரியாது, ஒரு வாரத்தில் கைவிட்டுவிடாதீர்கள்.

பாதம் துருநிறமாக மாறியிருக்கிறதா? நாய் நக்கி நக்கி எச்சிலின் நிறமிதான் முடியில் ஏறியிருக்கிறது. கூடவே புளித்த மா வாடை அடித்தால், எப்போதும் தோலில் இருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் ஈரத்தில் பெருகிவிட்டது என்று சந்தேகிக்கலாம். மலையிலிருந்து, அல்லது மாணிக்கக் குழிச் சேற்றிலிருந்து வந்ததும் நாலு பாதத்தையும் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துவது பாதி மருந்து. மருந்தடித்த மலைக்கு அதை விடவே வேண்டாம். குளிப்பாட்டும்போது நாய்க்கென்ற ஷாம்பூவைப் போட்டுப் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள், சுடுநீர் வேண்டாம். சூடு அரிப்பைக் கிளப்பும். ஈரம் கசியும் சின்னப் புண்ணுக்கு ஆறிய சாயத் தேத்தண்ணியில் நனைத்த துணியை ஒற்றுவது பழைய கைவைத்தியம். தேயிலையின் துவர்ப்பு புண்ணைக் காயவைக்கும். தேயிலை விளையும் ஊரில் இது நமக்குத் தெரியாமல் போகலாமா! ஒற்றலாம், குடிக்க வைக்கக்கூடாது. கஃபீன் நாய்க்கு நஞ்சு.

காது மடலின் ஓரத்தை விரலால் மெல்லத் தேயுங்கள். உடனே பின்னங்கால் தானாக உதைக்கிறதா? சொறிப்பூச்சி இருந்த நாய்களில் 80 வீதத்துக்கு மேல் இப்படி உதைத்ததாக ஒரு ஆய்வு உண்டு. அப்படியானால் இது ஒவ்வாமையாக இல்லாமல், தோலுக்குள் சுரங்கம் தோண்டும் அந்த எட்டுக் காலுள்ள சொறிப்பூச்சியாக இருக்கலாம். நம் கைக்கும் ஏறி அரிக்கும். இங்கேதான் பலர் லொறிக்காரரிடம் பாவித்த எஞ்சின் ஒயில் கேட்டு ஓடுகிறார்கள். ஐயோ! அந்த மெல்லிய தோல் வழியாகவும் நக்கிய நாக்கு வழியாகவும் அது உள்ளே போய் ஈரலைக் கெடுக்கும். சொறிப்பூச்சிக்கு நல்ல மாத்திரைகள் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். சீழ், இரத்தம், காதில் நாற்றம் என்றால் கைவைத்தியத்தை அன்றே நிறுத்திவிட்டுப் போங்கள்.

மற்றபடி தட்டை மாற்றும் சோதனையை இன்றைக்கே தொடங்கலாம். எட்டாவது வாரத்தின் தேதியைக் கலண்டரில் வட்டமிடுங்கள். பிறகு லயத்தில் ஒவ்வொரு வீடாகப் போய், “அக்கா, எங்க நாய்க்கு ரெண்டு மாசம் ரொட்டி போட்டுறாதீங்க” என்று சொல்லிவிட்டு வாருங்கள். கடைசிக் காம்பிராவில் இருக்கும் சின்னப் பிள்ளைகளிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.