டோக்கியோவின் புகையும் ஒரு பழைய பிக்கப்பும்

டோக்கியோ ஆளுநராக இருந்த ஷின்டாரோ இஷிஹாரா ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைச் செய்தியாளர்கள் முன் குலுக்கிக் காட்டினார். உள்ளே இருந்தது டீசல் வண்டிகள் கக்கிய கரித்தூள். 1999-இல் அவர் தொடங்கிய 'டீசல் வேண்டாம்' இயக்கத்தின் அடையாளமாகவே அந்தப் பாட்டில் ஆகிப்போனது. 2001-இல் ஜப்பான் அரசு நைட்ரஜன் ஆக்சைடு, நுண்துகள் இரண்டுக்கும் சேர்த்துச் சட்டத்தை இறுக்கியது. பெருநகரப் பகுதிகளில் பழைய டீசல் வண்டிகளுக்குத் தகுதிச் சோதனையைப் புதுப்பிக்க வழியில்லாமல் போனது. 2003 அக்டோபரில் டோக்கியோவும் பக்கத்து மூன்று மாகாணங்களும், கரியைக் கட்டுப்படுத்தாத டீசல் லாரிகளும் பேருந்துகளும் தங்கள் எல்லைக்குள் ஓடவே கூடாது என்றன.

இப்படி ஓரங்கட்டப்பட்ட வண்டிகளில் பலவற்றின் எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. அந்த எஞ்சின்களைக் கழற்றி, கன்டெய்னரில் ஏற்றி உலகெங்கும் அனுப்பினார்கள். அவை போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று, 1960-களின் டொயோட்டா எஃப்.ஜே.45 பிக்கப்பை வைத்துக்கொண்டு திண்டாடும் அமெரிக்கப் பட்டறை.

லேண்ட் குரூசர் குடும்பத்தைச் சேர்ந்த இந்த பிக்கப்பை அமெரிக்காவில் பெட்ரோல் எஞ்சினோடு மட்டுமே விற்றார்கள். 3.9 லிட்டர், ஆறு சிலிண்டர், மூன்றே கியர். அந்த எஞ்சினே ஜெனரல் மோட்டார்ஸின் பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினின் சாயலில் பிறந்தது என்பது தனி வேடிக்கை. மலையேற்றத்துக்கும் பண்ணை வேலைக்கும் பிரமாதமான வண்டி. நெடுஞ்சாலைக்கு வந்தால்தான் மூச்சு வாங்கும்.

காரணம் எளிய கணக்கு. 31 அங்குல டயரின் சுற்றளவை 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டரில் போனால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 695 முறை சுற்றும். பின் அச்சில் இருக்கும் கிரவுன் பினியனின் விகிதம் 4.11. மேல் கியரோ ஒன்றுக்கு ஒன்று. ஆக, எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,850 சுற்று ஓடியாக வேண்டும். மணிக்கணக்காக இப்படி ஓட்டினால் காதும் வலிக்கும், டேங்கும் காலியாகும். டீசலுக்கு மாறினால் சிக்கல் இன்னும் கூடும். டொயோட்டாவின் 4 லிட்டர் '2எச்' டீசல் எஞ்சின் 3,500 சுற்றிலேயே தன் முழுத் திறனை எட்டிவிடும். அது குறைந்த வேகத்தில் நிதானமாக இழுப்பதற்கென்று பிறந்தது.

கிரவுன் பினியனை மாற்றினால் போதாதா? 3.70 விகிதத்தில் ஒன்று உண்டு. போட்டால் 2,850 சுற்று 2,570 ஆகிவிடும். ஆனால் அதே அளவுக்கு முதல் கியரின் இழுவையும் குறையும். மூன்று கியர் பெட்டியில் அது ஏற்கெனவே சொற்பம். மேலும் இது நான்கு சக்கர இயக்க வண்டி. முன் அச்சையும் சேர்த்து மாற்ற வேண்டும். பின்னால் ஒரு விகிதம், முன்னால் ஒரு விகிதம் என்று விட்டுவிட்டு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால், அச்சுகள் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து எதையாவது உடைக்கும்.

அதனால்தான் எல்லோரும் 'எச்55எஃப்' என்ற ஐந்து கியர் பெட்டியைத் தேடிப் போகிறார்கள். ஐந்தாவது கியரின் விகிதம் 0.845. அதே 100 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் 2,410 சுற்று ஓடினால் போதும். ஒரு மணி நேரத்துக்கு இருபத்தாறாயிரம் சுற்றுக்கு மேல் மிச்சம். முதல் கியரோ 4.84. பழைய பெட்டியில் எஞ்சினின் திருப்பு விசை சக்கரத்துக்குப் போகும்போது 11 மடங்கு ஆனது. இதில் 20 மடங்கு. லோ ரேஞ்சைப் போட்டால் அதுவும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வண்டி பாறை மேல் ஊர்ந்து ஏறும். ஆனால் அச்சுத் தண்டு தாங்குமா என்பதை அப்போதே யோசிக்க வேண்டும். இந்தப் பெட்டியையும் டொயோட்டா அமெரிக்காவில் விற்றதே இல்லை. ஜப்பானிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வளைகுடா நாடுகளிலிருந்தோதான் வந்தாக வேண்டும்.

பெட்டி வந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. வேலை அங்கேதான் தொடங்குகிறது. கியர்பாக்ஸ் ஒன்றே என்றாலும் அதை எஞ்சினோடு இணைக்கும் பெல் ஹவுசிங் எஞ்சினுக்கு எஞ்சின் வேறு. பெட்டியின் நீளம் மாறுவதால் பின்னால் இருந்து இரு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இடம் பெயரும். அது பின்னுக்குப் போனால் பின் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறைக்க வேண்டும், முன் ஷாஃப்டை நீட்ட வேண்டும்.

நீளத்தைவிடக் கோணம்தான் பொல்லாதது. ஷாஃப்டின் முனையில் இருக்கும் கிராஸ் ஜாயின்ட் வளைந்து நிற்கும்போது, ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். கோணம் 10 பாகையாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். 20 பாகையில் 6 சதவீதம். கோணம் இரட்டிப்பானால் அதிர்வு நான்கு மடங்கு. தப்பிக்க எளிய வழி, இரு முனைக் கோணங்களையும் சமமாக வைத்து, இரு கிராஸ்களையும் ஒரே வாக்கில் பூட்டுவது. அப்போது ஒன்று கெடுப்பதை மற்றொன்று சரிசெய்யும். வண்டி 80 கிலோமீட்டரில் நடுங்குகிறது என்று டயரை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள், கீழே படுத்து இந்தக் கோணத்தை ஒரு முறை அளந்து பார்க்கலாம்.

அடுத்தது மின்சாரம். அமெரிக்க வண்டியில் 12 வோல்ட். ஜப்பான் சந்தையில் விற்ற லேண்ட் குரூசர் டீசல்கள் பலவற்றில் 24 வோல்ட். இதைக் கவனிக்காமல் வாங்கினால், 24 வோல்ட் செல்ஃப் மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுக்க நேரும். மின்னழுத்தம் பாதியானால் மின்னோட்டமும் பாதியாகும். கிடைக்கும் திறன் கால் பங்குதான். குளிர்காலக் காலையில் அது டீசல் எஞ்சினைச் சுற்றவே சுற்றாது. மாற்றிச் செய்தாலோ, 12 வோல்ட் ஹீட்டர் பிளக்குகளில் 24 வோல்ட் பாய்ந்து கண நேரத்தில் எரிந்துபோகும்.

சரி, 24 வோல்ட் ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு உள்ளூர்க் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் ஆல்டர்னேட்டரை மாட்டலாமே என்று தோன்றும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைப் போலத் தராது. அதற்கென ஒரு சின்ன வெற்றிட பம்பை டொயோட்டா ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பொருத்தியிருக்கிறது. ஆல்டர்னேட்டர் போனால் பிரேக்கின் உதவியும் போய்விடும்.

பொருள் கடல் தாண்டுவதற்கும் விதிகள் உண்டு. எஞ்சினில் எண்ணெய், எரிபொருள் ஒரு சொட்டு இல்லாமல் வடித்திருக்க வேண்டும். சேற்றோடு வந்தால் துறைமுகத்திலேயே நிற்கும். மண்ணில் பூச்சி முட்டையும் களை விதையும் பயணம் செய்யும் என்ற பயம். எஞ்சினை வைத்துக் கட்டும் மரச்சட்டமும் தப்பாது. வெப்பத்தால் பதப்படுத்துவதென்றால், பன்னாட்டு விதிப்படி அந்த மரத்தின் உள்மையம் 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். அதற்கான முத்திரையும் மரத்தில் குத்தியிருக்க வேண்டும். எஞ்சின் நன்றாக இருந்து பலகை சரியில்லாமல் சரக்கு மாட்டிக்கொள்வதெல்லாம் இந்தத் தொழிலில் நடக்கிற கூத்துதான்.

இத்தனை பாடு எதற்கு, ஒரு செவ்ரலே வி8 எஞ்சினைத் தூக்கிப் போடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக அதைத்தான் செய்தார்கள். இணைப்புத் தகடுகள் அங்கேயே ரெடிமேடாகக் கிடைக்கின்றன, உதிரிபாகமும் தெருமுனைக் கடையில் கிடைக்கும். வண்டியை ஓட்டுவது மட்டுமே நோக்கமென்றால் அதுதான் புத்திசாலித்தனம். வேற்று எஞ்சின் என்பது பாவமும் இல்லை. டொயோட்டாவே பிரேசிலில் இதே வண்டியை 'பண்டெய்ரான்ட்டி' என்ற பெயரில், 1962 முதல் 1990-கள் வரை மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் எஞ்சினோடு விற்றது. கம்பெனியே செய்ததைப் பட்டறை செய்யக்கூடாதா என்ன?

உதிரிபாகக் கவலை கொஞ்சம் குறைந்திருக்கிறது. எஃப்.ஜே.45-உம் அடங்கிய 40 வரிசை லேண்ட் குரூசருக்கான பாகங்களை மீண்டும் தயாரித்துத் தருவதாக 2021-இல் டொயோட்டா அறிவித்தது. ஆனால் அவை வண்டியைப் பழையபடி வைத்திருக்க உதவும் பாகங்கள். மாற்றிக் கட்ட நினைப்பவர் இன்னமும் ஜப்பானின் பழைய வண்டிச் சந்தையைத்தான் நம்ப வேண்டும்.

அப்படி வாங்குபவருக்கு ஒன்று சொல்லலாம். தனி எஞ்சினை மலிவாக வாங்காதீர்கள். 'ஹாஃப் கட்' எனப்படும் முன்பாதி வண்டியையே வாங்குங்கள். எஞ்சின், பெல் ஹவுசிங், கியர்பாக்ஸ், பம்போடு கூடிய ஆல்டர்னேட்டர், ரிலே, வயரிங் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியபடி வரும். ஜப்பானில் வலது பக்க ஸ்டீயரிங் என்பதால் ஆக்சிலேட்டர் கம்பியையும் கிளட்ச் குழாயையும் மட்டும் இடம் மாற்ற வேண்டியிருக்கும். கப்பல் கூலி கூடும்தான். தனித்தனியாக வாங்கிப் பொருந்தாமல் போகும் பாகங்களின் விலையைக் கூட்டிப் பார்த்தால், பெரும்பாலும் ஹாஃப் கட்தான் மலிவு.