உப்பு கசியும் நாட்களில் அரிசிப் பானை

ஐப்பசி அடைமழை பிடித்ததும் சமையலறையில் முதலில் சேதி சொல்வது உப்பு ஜாடிதான். சித்திரையில் பொலபொலவென்று உதிர்ந்த கல்லுப்பு இப்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஜாடியின் அடியில் நீர் கட்டி நிற்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது சுத்தமான சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கல்லுப்பில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் ஒட்டியிருப்பதால் அது இன்னும் முந்திக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையின்போது சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேலேயே நிற்பதுண்டு. உப்பை நனைக்கும் இந்தக் காற்றுதான் நாம் சேர்த்து வைத்த அரிசிக்குள்ளும் பருப்புக்குள்ளும் புகுகிறது.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளம், 2020 மார்ச் 24 இரவு அறிவிக்கப்பட்ட ஊரடங்கு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வீட்டைவிட்டு வெளியே போகமுடியாத நாட்களுக்கு மளிகை சேர்த்து வைக்கவேண்டும் என்பதை இவை நமக்கு நன்றாகவே புரியவைத்துவிட்டன. ஆனால் அந்த நேரங்களில் கடை வாசலில் கேட்டதெல்லாம் 'எவ்வளவு' என்ற பேச்சுதான். அதற்கு விடை எளிது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகை, 27 கிராம் எண்ணெய் என்று கணக்கு தருகிறது. நான்கு பேருள்ள வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு 14 கிலோ தானியம், 5 கிலோவுக்கும் சற்றுக் குறைவான பருப்பு, ஒன்றரைக் கிலோ எண்ணெய். உடலுழைப்பு அதிகமென்றால் கூடுதலாக வேண்டும். அப்போதும் மூட்டை மூட்டையாகத் தேவைப்படாது. அன்றாடக் கூலியில் அன்றன்றைக்கு வாங்குபவருக்குக் கடை அலமாரியில் ஒரு கிலோ பருப்பு மிஞ்சியிருக்கவேண்டும் என்பதற்காகவும் இந்தக் கணக்கு எல்லா வீட்டிலும் தெரிந்திருப்பது நல்லது.

வாங்கியது எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் கடினமான கேள்வி. தேனில் 18 சதவீதம் வரை நீர் இருக்கிறது, ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. அரிசியில் அதே 18 சதவீதம் நீர் இருந்தால் பூசணம் பிடித்துவிடும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட் 1957-இல் இந்தப் புதிரைத் தெளிவாக விளக்கினார். உணவில் மொத்தம் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது முக்கியமில்லை. நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும்படி எவ்வளவு நீர் கட்டின்றிக் கிடக்கிறது என்பதே முக்கியம். தேனின் நீரைச் சர்க்கரை பிடித்து வைத்திருக்கிறது. இதை அளக்கும் 'நீர்ச் செயல்பாடு' என்ற அளவு 0.6-க்குக் கீழே இருந்தால் எந்த நுண்ணுயிரும் அங்கே பெருக முடியாது. 14 சதவீத ஈரமுள்ள அரிசி ஏறத்தாழ 0.7-இல் நிற்கிறது, அதாவது பூசணத்தின் எல்லைக்கோட்டில். எனவே உப்பு கசியுமளவு ஈரமான காற்றில் திறந்து வைத்த அரிசிப் பானை அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

வேர்க்கடலை விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. 1960-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்திருந்த கடலைப் புண்ணாக்கைத் துருவிப் பார்த்தபோது, ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூசணம் சுரந்த நஞ்சு அகப்பட்டது. அதுதான் அஃப்ளாடாக்சின். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய இந்த நஞ்சு கொதிக்க வைப்பதாலோ வறுப்பதாலோ முழுதாக அழிவதில்லை. பூசணம் பட்ட கடலையைக் கழுவிக் காயவைத்துச் சட்னி அரைக்கும் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

'டப்பாவை இறுக்கித்தானே மூடினேன், வண்டு எங்கிருந்து வந்தது?' பெரும்பாலும் அது உள்ளேயேதான் இருந்தது. பெண் அரிசி வண்டு மணியில் துளையிட்டு, முட்டை வைத்து, பசைபோன்ற ஒன்றால் வாயை அடைத்துவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வருகிறது. பயறு வண்டு வயலிலேயே காயின்மேல் முட்டை வைத்துவிடும். அதற்கு முழுப் பயறுதான் பிடிக்கும். அதனால்தான் பாசிப்பயறைவிட உடைத்த பாசிப்பருப்பு அதிக நாள் தாங்குகிறது. துவரம்பருப்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பதும் வெறும் பழக்கமில்லை. அந்த எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்றுப் போகாமல் அடைத்துவிடுகிறது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி மர்டாக்கும் அவருடைய குழுவினரும் 1980-களின் இறுதியில் கேமரூன் நாட்டு உழவர்களுக்காக, தட்டைப்பயறு சேமிக்கக் காற்றுப் புகாத மூன்றடுக்குப் பைகளை உருவாக்கினார்கள். பைக்குள் இருக்கும் வண்டுகள் உள்ளே உள்ள ஆக்சிஜனைத் தாங்களே சுவாசித்துத் தீர்க்கின்றன, பிறகு சாகின்றன. மூச்சுத் திணறிச் சாவதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். 2012-இல் இதே குழு வேறொரு விளக்கம் தந்தது: அவை தாகத்தில் சாகின்றன. காய்ந்த பயறுக்குள் வாழும் புழுவுக்குக் குடிக்க நீர் ஏது? தின்ற மாவுச்சத்தை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துத்தான் அது தனக்கு வேண்டிய நீரை உண்டாக்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் நின்றால் அந்த நீரும் நின்றுவிடும், உடல் வற்றிப்போகும். தென் மாவட்டங்களில் தானியத்தைக் குலுக்கை என்ற சேமிப்புக் கலனில் கொட்டி வாயை மண்ணால் பூசி அடைத்ததற்குள் இருந்த அறிவியலும் இதுதான். இன்றைய வீட்டில் நன்றாக உலர்ந்த எவர்சில்வர் டிரம்மோ பிளாஸ்டிக் பாட்டிலோ போதும். ஆனால் கழுத்துவரை நிரப்பவேண்டும், அடிக்கடி திறக்கக்கூடாது. பாதி காலியான பெரிய டப்பாவில் வண்டுக்கு வேண்டிய காற்று தாராளமாக இருக்கும்.

பயறையோ தானியத்தையோ மாடியில் வெயிலில் பரப்பினால் வண்டு ஊர்ந்து போய்விடும். மணிக்குள் இருக்கும் புழு பிழைத்துக்கொள்ளும். கறுப்புத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, மேலே கண்ணாடிபோலத் தெரியும் பாலித்தீன் தாளை மூடினால் வெப்பம் 60 டிகிரி செல்சியஸை எட்டும். அதில் புழுவும் தப்பாது. ஆறிய பிறகே டப்பாவில் அடைக்கவேண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து, எடுத்த ஈரம் திரும்ப இறங்கிவிடும். வெயில் கிடைக்காத மழைக்காலத்தில் ரவையை வறுத்து வைக்கலாம். சிறிய பொட்டலங்களை ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தெடுக்கலாம். வெளியே எடுத்ததும் பிரிக்காமல், குளிர் விட்டபின் பிரிக்கவேண்டும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். காற்றின் ஈரம் பட்டாலே அது பாஸ்பீன் வாயுவை விடும். அந்த வாயு அடைத்த அறையில் தூங்குபவர்களைக் கொன்றுவிடும்.

கெடாமல் இருந்தாலும் பருப்பு கிழடு தட்டும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பல மாதம் இருந்த கொண்டைக்கடலை எத்தனை விசில் விட்டாலும் மசிவதில்லை. விதைக்குள் பைட்டேட் என்ற பொருள் சிதைந்து, அது பிடித்து வைத்திருந்த கால்சியமும் மக்னீசியமும் விடுபட்டு, செல்களை ஒட்டிவைக்கும் பெக்டினை இறுக்கிவிடுகின்றன. சிலிண்டர் எப்போது வரும் என்று தெரியாத வாரத்தில் இது சின்ன இழப்பில்லை. அரிசி நேர்மாறு, பழைய அரிசிதான் உதிரியாக வேகும். ஆகவே அரிசியைச் சற்று முன்னதாகவும் முழுப் பயறுகளை அவ்வப்போது சிறிதாகவும் வாங்குவது என் பரிந்துரை. எண்ணெயில் நல்லெண்ணெய்க்கு சீசமால் போன்ற இயற்கைக் காப்புப் பொருள்கள் துணையிருப்பதால் சூரியகாந்தி எண்ணெயைவிட மெதுவாகத்தான் சிக்கு வாடை அடிக்கும்.

உணவிலிருந்து இவ்வளவு நீரை விலக்கிவிட்டு, குடிக்க அதே நீரைச் சேமிக்கவும் வேண்டும். பேரிடர் நேர உதவிக்கான ஸ்ஃபியர் வழிகாட்டி, குடிக்கவும் உணவுக்குமாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் என்கிறது. நான்கு பேருக்கு ஒரு வாரத்துக்கு ஏறத்தாழ 80 லிட்டர், அதாவது நான்கு கேன். சமைக்க, குளிக்க, துவைக்கப் பிடித்துவைக்கும் டிரம்தான் கவலை தருவது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல நீரைத் தேடி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் டிரம்மின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, வாரம் ஒருமுறை நீரை ஊற்றிவிட்டு உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்கவேண்டும். நீரை மட்டும் மாற்றினால் போதாது. காய்ந்த சுவரில் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்து நீர் ஏறும்போது பொரிக்கும்.