அணுக்கழிவுப் புகையிரதமும் கோர்லேபன் மக்களின் கேள்விகளும்

மின்சாரம் எல்லோருக்கும் தேவை. ஆனால் அதனை உற்பத்தி செய்தபின் மிஞ்சும் கழிவு தமது வாசலால் போவதை எவரும் விரும்புவதில்லை. அணு மின் நிலையங்களைக் கட்டிய நாடுகள் பலவும் இந்தச் சிக்கலைச் சந்தித்துள்ளன. கழிவு உண்டாகும் இடம் ஒன்று. அது பதப்படுத்தப்படும் இடம் இன்னொன்று. கடைசியில் வைக்கப்படும் இடம் வேறொன்று. இவற்றை இணைப்பது பெரும்பாலும் புகையிரதப் பாதையே. அந்தப் பாதையோரம் வாழும் மக்களிடம் யார் அனுமதி கேட்கிறார்கள்? அவர்களுடைய பயத்துக்கு யார் பதில் சொல்கிறார்கள்?

இக்கேள்விகளை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவந்த ஒரு கிராமப்புறத்தின் வரலாற்றை இங்கே எடுத்துக்கொள்வோம். அது ஜேர்மனியின் வடபகுதியில் எல்பே ஆற்றின் அருகே அமைந்துள்ள வென்ட்லான்ட் பிரதேசம். அங்குள்ள சிறிய கிராமமே கோர்லேபன்.

ஒதுக்குப்புறம் தெரிவு செய்யப்பட்டது

1977 பெப்ரவரி 22ஆம் திகதி, நீடர்சக்சன் மாநில முதல்வர் ஏர்ன்ஸ்ட் அல்பிரெக்ட் ஓர் அறிவித்தலை வெளியிட்டார். மேற்கு ஜேர்மனியின் அணுக்கழிவுகளைப் பதப்படுத்தி நிலத்தடி உப்புப் படிவத்தினுள் புதைக்கும் மாபெரும் நிலையத்துக்குக் கோர்லேபன் தெரிவு செய்யப்பட்டுள்ளது என்பதே அந்த அறிவித்தல். அப்போது ஜேர்மனி இரண்டாகப் பிரிந்திருந்த காலம். வென்ட்லான்ட் கிழக்கு ஜேர்மன் எல்லைக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மூலை. தொழிற்சாலைகள் குறைவு, குடிசனம் ஏறக்குறைய ஐம்பதாயிரம், பெரும்பாலும் விவசாயமே சீவியம். இத்தகைய மக்கள் பெரிய எதிர்ப்புக் காட்டமாட்டார்கள் என்று தலைநகரங்களில் இருந்தவர்கள் எண்ணியிருந்தால், அந்த எண்ணம் இரண்டே ஆண்டுகளில் பொய்த்துப் போயிற்று.

1979 மார்ச் மாதக் கடைசியில் வென்ட்லான்ட் கமக்காரர் நூற்றுக்கணக்கான உழவு இயந்திரங்களில் மாநிலத் தலைநகரான ஹனோவரை நோக்கிப் புறப்பட்டனர். அவர்கள் வழியில் இருந்தபோதே, மார்ச் 28ஆம் திகதி, அமெரிக்காவின் திறீ மைல் ஐலன்ட் அணு மின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. மார்ச் 31ஆம் திகதி அவர்கள் ஹனோவரை அடைந்தபோது ஏறக்குறைய ஒரு இலட்சம் மக்கள் அங்கே கூடியிருந்தனர். அதே ஆண்டு மே மாதத்தில், பதப்படுத்தும் நிலையத்தை அரசியல் ரீதியாக நிறைவேற்ற முடியாது என்று அல்பிரெக்ட் அறிவித்தார்.

எனினும் திட்டம் முழுமையாகக் கைவிடப்படவில்லை. உப்புப் படிவத்தை ஆராயும் வேலை தொடர்ந்தது. நிலத்தின் மேல், காட்டின் நடுவே, கழிவுக் கொள்கலன்களை வைப்பதற்கு ஒரு பெரிய மண்டபமும் கட்டப்பட்டது. மண்டபம் இருந்தால் அதை நிரப்பப் புகையிரதம் வரத்தானே வேண்டும்?

புகையிரதத்தில் என்ன வருகிறது?

அணு மின் நிலையத்தில் பயன்படுத்தி முடிந்த எரிபொருளை ஜேர்மனி பல ஆண்டுகளாகப் பிரான்ஸின் லா ஹாக் நிலையத்துக்கும் பிரித்தானியாவின் செலாபீல்ட் நிலையத்துக்கும் அனுப்பிவந்தது. அங்கே யுரேனியமும் புளுட்டோனியமும் பிரித்தெடுக்கப்பட்டன. மிஞ்சிய கடும் கதிர்வீச்சுக் கழிவு கண்ணாடியோடு சேர்த்து உருக்கப்பட்டு, உருக்குக் குடுவைகளில் வார்க்கப்பட்டது. அந்தக் கழிவைத் திருப்பி எடுப்பது ஜேர்மனியின் கடமையாக இருந்தது.

இக்குடுவைகளில் 28ஐ ஒரு பெரிய கொள்கலனில் அடைப்பார்கள். 'காஸ்டர்' எனப்படும் இக்கொள்கலன் நீளத்தில் ஏறக்குறைய ஆறு மீற்றர். நிறை நூறு தொன்னுக்கு மேல். வார்ப்பிரும்புச் சுவரின் தடிப்பு ஏறக்குறைய நாற்பது சென்ரிமீற்றர். பிரான்ஸின் வலோன் என்ற இடத்தில் புகையிரதத்தில் ஏற்றப்பட்டு, ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் பயணித்து, லூனபேர்க் நகரிலிருந்து ஒற்றைப் பாதையில் டனன்பேர்க் வரை வரும். அங்கே பாரந்தூக்கியால் பார ஊர்திகளுக்கு மாற்றப்பட்டு, கடைசி இருபது கிலோமீற்றரளவு தூரத்தைக் கிராமத்து வீதிகளால் கடக்கும்.

பாதுகாப்பு பற்றிச் சொல்லப்பட்டவை

அதிகாரிகள் தமது பக்க நியாயத்தைச் சொல்லாமல் விடவில்லை. அதையும் நாம் நேர்மையாகக் கேட்கவேண்டும். சர்வதேச அணுசக்தி முகவர் நிலையத்தின் விதிகளின்படி இத்தகைய கொள்கலனின் வடிவமைப்பு, ஒன்பது மீற்றர் உயரத்திலிருந்து விட்டுக்கொடுக்காத கடினமான தளத்தில் விழுவதையும், ஒரு மீற்றர் உயரத்திலிருந்து உருக்குக் கம்பத்தின்மேல் விழுவதையும், 800 பாகை செல்சியஸ் தீயில் அரை மணி நேரம் கிடப்பதையும், நீரில் மூழ்குவதையும் தாங்கவேண்டும். பிரித்தானியாவில் 1984 ஜூலை 17ஆம் திகதி, கழிவு ஏற்றாத ஒரு கொள்கலன்மீது மணிக்கு நூறு மைல் வேகத்தில் புகையிரதம் ஒன்றை வேண்டுமென்றே மோதவிட்டு, அதைத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். புகையிரதம் நொறுங்கியது, கொள்கலன் உடையவில்லை. 1997 பெப்ரவரியில் பிரான்ஸ் - ஜேர்மன் எல்லையிலுள்ள அபாக் நிலையத்தில், ஜேர்மனியிலிருந்து எரிபொருள் கொண்டுசென்ற புகையிரதம் உண்மையாகவே தடம் புரண்டது. அதிலும் கதிர்வீச்சுப் பொருள் வெளியேறவில்லை.

இவற்றைக் கேட்டபின்னும் மக்கள் அமைதி அடையவில்லை. ஏன்? சுரங்கப் பாதையில் எரியும் தீ அரை மணி நேரத்தில் அணைந்துவிடுமா என்று அவர்கள் கேட்டார்கள். அது வீண் கேள்வி அல்ல. 2001 ஜூலையில் அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரச் சுரங்கத்தில் ஒரு சரக்குப் புகையிரதம் நாட்கணக்கில் எரிந்தது. அதில் அணுக்கழிவு இருக்கவில்லை. ஆனால் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று அந்நாட்டு அணு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவே பின்னர் ஆராய வேண்டியதாயிற்று. பாரதூரமான கசிவு ஏற்பட்டிராது என்று அது முடிவு செய்தது.

கொள்கலன் உடையாவிட்டாலும் கதிர்வீச்சின் ஒரு சிறு பகுதி சுவரை ஊடுருவி வெளியே வரும். வண்டியிலிருந்து இரண்டு மீற்றர் தூரத்தில் அது மணித்தியாலத்துக்கு 0.1 மில்லிசீவேர்ட் அளவை மீறக்கூடாது என்பது விதி. ஜேர்மனியில் ஒருவர் இயற்கையாகவே ஓராண்டில் பெறும் கதிர்வீச்சு ஏறக்குறைய 2.1 மில்லிசீவேர்ட். ஆகவே விதி அனுமதிக்கும் உச்ச அளவில், ஒரு வண்டியின் அருகே 21 மணித்தியாலம் நின்றால் ஓராண்டின் இயற்கை அளவு கிடைத்துவிடும். கடந்து செல்லும் புகையிரதத்தைப் பார்த்து நிற்பவருக்கு இது மிகச் சிறிது. வண்டியோடு மணிக்கணக்காக நிற்கும் பொலிஸாருக்கும் புகையிரத ஊழியருக்கும் அதே பதில் போதுமா? காவலுக்கு நிறுத்தப்பட்டவர்களிடையேயும் இக்கேள்வி எழுந்தது.

நம்பிக்கை உடைந்த ஆண்டு

கோர்லேபனுக்கு முதலாவது கொள்கலன் 1995 ஏப்ரல் 25ஆம் திகதி வந்து சேர்ந்தது. 1996இல் இரண்டாவது முறையும் 1997 மார்ச்சில் மூன்றாவது முறையும் புகையிரதம் வந்தது. மூன்றாவது முறை ஆறு கொள்கலன்களுக்குக் காவலாக ஏறக்குறைய 30,000 பொலிஸார் ஈடுபடுத்தப்பட்டனர்.

அடுத்த ஆண்டில் வெளிவந்த செய்தி மக்களின் பயத்துக்கு ஆதாரமாகியது. மின் நிலையங்களிலிருந்து எரிபொருள் ஏற்றிச் சென்ற கொள்கலன்களின் வெளிப்புறத்திலும் புகையிரத வண்டிகளிலும் கதிர்வீச்சு மாசு படிந்திருந்தது. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 4 பெக்கரெல் என்ற எல்லையை அது பல இடங்களில் பல மடங்கு தாண்டியிருந்தது. தண்ணீர்த் தடாகத்தினுள் வைத்து எரிபொருளை ஏற்றும்போது ஒட்டிக்கொண்ட மாசு அது. இதனால் மக்களின் சுகத்துக்குப் பெரிய கேடு இல்லை என்று நிபுணர்கள் கூறினர். ஆனால் மின்சாரக் கம்பனிகள் இதனைப் பல ஆண்டுகளாக அறிந்திருந்தும் பொறுப்பான அமைச்சுக்குச் சொல்லவில்லை என்பதும் வெளியாயிற்று. 1998 மே மாதத்தில் அன்றைய சுற்றாடல் அமைச்சர் அங்கேலா மேர்க்கல் இந்தப் போக்குவரத்தை நிறுத்தினார்.

நாம் கவனிக்கவேண்டிய இடம் இதுவே. கசிந்த மாசு சிறிதாக இருக்கலாம்; மறைக்கப்பட்ட உண்மை பெரிது. "எல்லாம் பரிசோதிக்கப்பட்டுள்ளது, பயப்படாதீர்கள்" என்று சொன்னவர்களே தெரிந்ததைச் சொல்லாமல் விட்டார்கள் என்றால், அடுத்த முறை அவர்கள் சொல்லும் உண்மையையும் மக்கள் நம்பப் போவதில்லை. இரும்புச் சுவரின் தடிப்பைக் கூட்டுவதால் இந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது.

தண்டவாளத்தில் மக்கள்

2001 மார்ச்சில் புகையிரதம் மீண்டும் வந்தது. இம்முறை அதற்கு அனுமதி கொடுத்த அமைச்சர் பசுமைக் கட்சியைச் சேர்ந்த யேர்கன் திறிட்டின். நமது கழிவை நாமே திருப்பி எடுக்கவேண்டும் என்பது அவரது வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் முன்பு தம்மோடு நின்றவர்கள் இப்போது மறுபக்கம் நிற்கிறார்கள் என்று வென்ட்லான்ட் மக்கள் மனம் கசந்தனர். சூசன்டோர்வ் கிராமத்தருகே சிலர் தண்டவாளத்தின் கீழ் கொங்கிறீற்றினுள் தம் கைகளைப் பிணைத்துக்கொண்டு புகையிரதத்தைப் பல மணித்தியாலங்கள் மறித்தனர். 2010 நவம்பரில் பல்லாயிரம் மக்கள் திரண்டதால் பயணம் 92 மணித்தியாலங்கள் எடுத்தது. 2011 நவம்பரில் வந்த கடைசிப் புகையிரதம் கோர்லேபனை அடைய ஏறக்குறைய 126 மணித்தியாலங்கள் சென்றன.

இப்போராட்டத்தில் கிராமத்தின் எல்லாத் தரப்பினரும் இருந்தனர். கமக்காரர் உழவு இயந்திரங்களால் வீதிகளை மறித்தனர். வீட்டு வாசல்களிலும் வயல்களிலும் மஞ்சள் நிறத்தில் குறுக்குப் பலகைகள் நாட்டப்பட்டன. லூதரன் சபைப் போதகர்கள் மக்களுக்கும் பொலிஸாருக்கும் இடையே நின்று, இருபக்கமும் பேசி, கைகலப்பைத் தவிர்க்க முயன்றனர். 1989 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கோர்லேபன் காட்டிலுள்ள சிலுவைகளின் அருகே மக்கள் கூடிச் செபித்து வந்தனர்.

எல்லாமே நன்றாக நடந்தது என்று சொல்வதற்கில்லை. தண்டவாளத்துக்கும் மின் கம்பிகளுக்கும் சேதம் விளைவித்தவர்களும் இருந்தனர். அது ஏனைய பயணிகளின் உயிரோடு விளையாடுவதாகும். அதனை நாம் ஏற்க முடியாது. 2004 நவம்பர் 7ஆம் திகதி பிரான்ஸின் லொறேன் பகுதியில், எதிர்ப்புக் காட்டத் தண்டவாளத்தில் இருந்த ஓர் இளைஞர் அதே புகையிரதத்தில் அடிபட்டு உயிரிழந்தார். அணுக்கழிவுப் புகையிரதம் அன்று ஓர் உயிரைப் பறித்தது. கதிர்வீச்சினால் அல்ல, சக்கரங்களினால்.

மக்கள் சொன்னது எங்கே நின்றது?

இப்போராட்டம் எதையும் மாற்றவில்லையா? மாற்றியது. பயன்படுத்திய எரிபொருளை மறுபதப்படுத்தலுக்கு அனுப்புவது 2005 ஜூலையிலிருந்து ஜேர்மனியில் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. அதன்பின் அது உண்டாகும் மின் நிலையத்தின் அருகிலேயே வைக்கப்பட்டது. தேவையற்ற பயணங்கள் குறைந்தன. 2013இல் புதிய சட்டம் ஒன்று வந்தது. நாடு முழுவதையும் மீண்டும் ஆராய்ந்து, அறிக்கைகளை மக்கள் முன் வைத்து, நிரந்தரப் புதைகுழிக்கு இடம் தேடவேண்டும் என்று அது விதித்தது. 2020 செப்டெம்பரில் வெளியான முதல் அறிக்கையில் கோர்லேபன் நீக்கப்பட்டது. உப்புப் படிவத்தின் மேலுள்ள மண்படைகள் போதிய காப்பளிக்கமாட்டா என்பது காரணங்களில் ஒன்று. கீல் பல்கலைக்கழகப் புவியியலாளர் கிளவுஸ் டூபோர்ன் இதையே 1980களின் தொடக்கத்தில் எச்சரித்திருந்தார். அன்று அவரைக் கேட்டிருந்தால் எத்தனை ஆண்டு மனக்கசப்பு மிஞ்சியிருக்கும்!

ஜேர்மனியின் கடைசி மூன்று அணு மின் நிலையங்களும் 2023 ஏப்ரல் 15ஆம் திகதி மூடப்பட்டன. ஆனால் கழிவு மூடப்படவில்லை. கோர்லேபன் மண்டபத்தில் 113 கொள்கலன்கள் வைக்கப்பட்டுள்ளன. அம்மண்டபத்தின் அனுமதி 2034இல் முடிகிறது. நிரந்தர இடத்தை 2031க்குள் தெரிவு செய்வது சட்டத்தின் இலக்காக இருந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் கூடுதலாகச் செல்லலாம் என்று பொறுப்பான நிறுவனமே 2022இல் தெரிவித்தது. என்றோ ஒரு நாள் அந்த 113 கொள்கலன்களும் மீண்டும் வண்டியேறவேண்டும். வேறு ஊர்கள் அவற்றின் சத்தத்தைக் கேட்கும். வேறு தாய்மார் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அதே கேள்விகளைக் கேட்பார்கள்.

ஆகையால் "எங்கள் ஊரில் வேண்டாம்" என்பதோடு பிரச்சினை தீராது. கழிவு எங்கோ ஓரிடத்தில் வைக்கப்படத்தான் வேண்டும். அந்த இடத்திலும் மனிதர் இருப்பார்கள். வென்ட்லான்ட் மக்களில் பலர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். கழிவை மேலும் மேலும் உண்டாக்காதீர்கள், இடத்தைத் தெரிவு செய்யுமுன் எங்களைக் கேளுங்கள், தெரிந்ததை மறைக்காதீர்கள் என்பனவே அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள்.

கிராம மக்களோடு வேலை செய்கிற நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. அணை, வீதி, குப்பை மேடு, தொழிற்சாலை எதுவாயினும், மக்களின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது இலகு. அந்தப் பயத்தினுள் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் சேர்ந்திருக்கும். "இது ஆபத்தா?" என்பது ஒன்று. "எங்களை ஏன் கேட்கவில்லை?" என்பது மற்றது. முதலாவதற்கு நிபுணர் அளவுகோலோடு வந்து பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு, முடிவெடுக்கும் மேசையில் மக்களுக்கு ஓர் இடம் கொடுத்தாலன்றிப் பதில் இல்லை. அந்த இடத்தை முடிவெடுத்த பின்னர் கொடுப்பதில் பயனில்லை என்பதைக் கோர்லேபன் மக்கள் நாற்பத்துமூன்று ஆண்டுகளாகச் சொல்லி நின்றார்கள்.